விஎம்வேரை விட்டு இறங்கினால் எந்தத் தளத்தில் ஏறுவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நாலு வரியில் எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை, தென்காசியிலும் அம்பாசமுத்திரத்திலும் கிளைகள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலைக்கும் நீங்கள் ஒரே ஆள். தலைமைக் கடையில் 2 ரேக் சர்வர், 1 டவர் சர்வர், மூன்றிலும் 64 ஜிபி ரேம். மூன்றிலும் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7, அதாவது ஒரே சர்வரைப் பல கம்ப்யூட்டர் போலப் பிரித்து ஓட்டுகிற ஹைப்பர்வைசர் மென்பொருள். அதன் மேல் 9 விஎம் (அப்படிப் பிரித்த வர்ச்சுவல் மெஷின்கள்): பில்லிங், அதற்கான எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், டேலி, ஃபைல் சர்வர், ஆள் வருகைப் பதிவு, சிசிடிவி ரெக்கார்டிங், இன்னும் சில்லறையாக மூன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து 88 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறீர்கள். லைசென்சுக்கு இனி காசு தர முடியாது, ஓப்பன் சோர்ஸில் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளில்) ஏதாவது போடு என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். ப்ராக்ஸ்மாக்ஸ், எக்ஸ்சிபி-என்ஜி, ஓவிர்ட், வெறும் கேவிஎம், இந்த நாலில் எது?

ப்ராக்ஸ்மாக்ஸ். அதுதான் என் பதில். ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம். எதற்காக அது என்று தெரியாமல் நிறுவினால், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை இரவு பில்லிங் நிற்கும்போது எதைத் தொடுவது என்று கைக்குத் தெரியாது.

ஒரு தளத்தை எடைபோட நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். இன்று ஓடுகிற பெட்டி நாளை காலையில் இல்லை என்றால், இதே விஎம் வேறு எந்தப் பெட்டியில், யார் கையால், எத்தனை மணி நேரத்தில் எழுந்து நிற்கும்? மற்ற வசதிகளை எல்லாம் இதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறி நம்மூர் சந்திப்பு, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் புகுந்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த இடங்களில் இரண்டு முங்கின. ஒன்று சந்திப்புப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. சர்வர் தரைத்தளத்தில் இருந்தது. பேக்கப் எடுக்கிற யூஎஸ்பி டிஸ்க் அந்த சர்வரின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது சர்வரின் முன்பக்கக் கம்பிவலை முழுக்க வண்டல் அப்பிக் கிடந்தது. டிஸ்க்கை உருவினால் கனெக்டர் வழியாகக் கலங்கல் தண்ணீர் சொட்டியது. அந்தக் கடைக்காரர்கள் பழைய பில் புத்தகங்களை வெயிலில் உலர்த்தி, இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்கைத் திரும்ப அடித்தார்கள்.

இன்னொன்று கொக்கிரகுளம் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கேயும் சர்வர் முங்கியது. ஆனால் அங்கே டெபியன் லினக்ஸ் மேல் வெறும் கேவிஎம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு இரவும் விஎம்மின் டிஸ்க் ஃபைல் மகாராஜ நகரில் உரிமையாளர் வீட்டு மாடிக்கு ஒரு பிரதி போய்விடும். கரண்ட் திரும்ப வந்த அன்று, அவர் மகன் கேம் விளையாடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்பை வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றி, அந்த ஒரே ஃபைலைக் காப்பி செய்து ஓட விட்டேன். நெட்வொர்க் கார்டின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. நாலு மணி நேரம். சாயங்காலம் ரிப்போர்ட் பிரிண்ட் ஆனது. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லின் பயன் எனக்கு முழுதாகப் புரிந்தது. விஎம்மின் டிஸ்க் ஒரு சாதாரண ஃபைல். பிராசசரில் வர்ச்சுவலைசேஷன் வசதி இருக்கிற எந்த லினக்ஸ் மெஷினிலும் அது எழும். யாரிடமும் சாவி வாங்க வேண்டியதில்லை, யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, விஎம்வேரை ஏன் விட வேண்டும்? அண்ணாச்சியிடம் காசுக் கணக்கை மட்டும் பேசாமல் இதையும் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுகிற 6.7 பதிப்புக்குப் பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு நாலு மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், பேட்ச் (ஓட்டையை அடைக்கிற திருத்தம்) போடாத பழைய இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் குறிவைத்து ஒரு ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) உலகம் முழுக்கப் பரவி விஎம் ஃபைல்களைப் பூட்டியது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கினார்கள். 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயும் போனது. 2025 ஏப்ரலில் அந்த இலவசப் பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து பேக்கப் மென்பொருள் கொண்டு விஎம்மைப் பிரதி எடுக்கிற வழி இலவசப் பதிப்பில் கிடையாது. கடைக் கணக்கை அதில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

இனி நாலு பெயர்களுக்கு வருவோம். இவற்றுக்கு அடியில் இருக்கிற எஞ்சின் இரண்டே இரண்டுதான்: கேவிஎம், ஜென். கேவிஎம் 2007 பிப்ரவரியில் லினக்ஸின் மையமான கர்னல் 2.6.20-ல் சேர்ந்தது. அன்றிலிருந்து அது லினக்ஸின் ஒரு உறுப்பு. ஜென் அதைவிட மூத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளிவந்தது. அமேசான் தன் கிளவுடை ஜென் மேல்தான் கட்டி எழுப்பியது. 2017 வாக்கில் புதிய சர்வர்களில் கேவிஎம் அடிப்படைக்கு மாறிக்கொண்டது. ஜென் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஆட்களும் கவனமும் எந்தப் பக்கம் அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறது. பேட்ச் வேகமாக வரவேண்டும், பிரச்சினையைத் தேடினால் விடை கிடைக்கவேண்டும் என்று நினைக்கிற ஒற்றை ஆளுக்கு அது முக்கியம்.

ஓவிர்டை முதலில் தள்ளிவைத்துவிடலாம். ஒரு காலத்தில் நல்ல தளம். ரெட்ஹேட் நிறுவனம் தன் ஆர்ஹெச்வி என்ற பொருளுக்கு மூலமாக அதை வைத்திருந்தது. பிறகு அந்தப் பொருளை 4.4 பதிப்போடு நிறுத்தி, ஆட்களைத் தன் இன்னொரு தளமான ஓப்பன்ஷிஃப்ட் பக்கம் கொண்டுபோய்விட்டது. இப்போது ஓவிர்டைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஆர்வலர்கள். அவர்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புதிதாக ஒருவர் இன்று அதில் போய் உட்காரக் காரணம் இல்லை. மூன்று சர்வருக்கு அது சுமையும் அதிகம், மேலாண்மைக்கென்றே ஒரு விஎம் கேட்கும்.

ஓப்பன்ஸ்டாக் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நூற்றுக்கணக்கான சர்வர்களை வாடகைக்கு விடுகிறவர்களுக்காகச் செய்தது அது. அதைப் பராமரிக்கவே ஒரு குழு வேண்டும்.

எக்ஸ்சிபி-என்ஜியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் தப்பு செய்தவர் ஆகமாட்டீர்கள். 2017 கடைசியில் சிட்ரிக்ஸ் நிறுவனம் தன் இலவச ஜென்சர்வரிலிருந்து சில வசதிகளை உருவியபோது, பிரான்சில் கிரெனோபிள் நகரத்து வாட்டீஸ் நிறுவனத்தைச் சுற்றியிருந்தவர்கள் மூலநிரலை எடுத்து 2018-ல் தனித் தளமாக வெளியிட்டார்கள். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதன் மேலாண்மைத் திரையான ஜென் ஆர்க்கெஸ்ட்ரா அழகாக இருக்கும், பேக்கப்பும் அதற்குள்ளேயே வரும். விஎம்வேரில் பழகினவர்களுக்கு அதன் நடை உடனே பிடிபடும். பத்து இருபது சர்வர், பல கிளைகளில் தனித்தனிக் குழுவாக, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் நான் அதைத்தான் முதலில் சோதிப்பேன். உங்கள் இடத்தில் எனக்குத் தயக்கம் இரண்டு. ஒன்று, அதன் வழக்கமான டிஸ்க் வடிவத்தில் ஒரு டிஸ்க் 2 டெராபைட்டைத் தாண்ட முடியாது என்ற பழைய வரம்பு. புதிய வடிவம் வந்துகொண்டிருக்கிறது என்றாலும், உங்கள் சிசிடிவி விஎம் இப்போதே 4 டெராபைட். இரண்டு, உள்ளே திறந்து பார்த்தால் அது டெபியன் போலவோ உபுண்டு போலவோ இருக்காது, ஜென்னுக்கே உரிய அமைப்பு. நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது பாளையங்கோட்டையிலிருந்து லினக்ஸ் தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டால், அவன் முதல் அரை மணி நேரம் எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான்.

வெறும் கேவிஎம் எனக்கு மிகவும் பிடித்தது. டெபியன், விஎம்மை நிர்வகிக்க லிப்விர்ட், திரைக்கு காக்பிட் அல்லது விர்ட்-மேனேஜர், அவ்வளவுதான். ஒரே சர்வர், நாலு விஎம் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தைக் காப்பாற்றியதும் இதுதான். ஆனால் பேக்கப், ரெப்ளிகேஷன் (விஎம்மின் பிரதியை இன்னொரு சர்வரில் அவ்வப்போது புதுப்பிப்பது), ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எல்லாவற்றுக்கும் நாமே ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் எழுதினவர் தலையில்தான் இருக்கும். நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அண்ணாச்சி கடை அந்தரத்தில் நிற்கும். மூன்று சர்வர், ஒன்பது விஎம் என்ற அளவில் அந்தச் சுமையை ஒரு ஆள் மேல் ஏற்ற வேண்டாம். இன்கஸ் என்று இன்னொன்று உண்டு, 2023-ல் எல்எக்ஸ்டி என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. லினக்ஸ் மட்டுமே ஓட்டுகிற இடத்துக்கு மிக இலகுவானது. உங்களிடம் பாதிக்கு மேல் விண்டோஸ். அதனால் அதையும் விடுவோம்.

ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனம் 2008-லிருந்து செய்துவருவது. அடியில் டெபியன், எஞ்சின் கேவிஎம், லினக்ஸ் கன்டெய்னரும் (விஎம்மைவிட இலகுவான தனி அறை) உண்டு, மேலே ஒரு வலைத்திரை. எனக்குப் பிடித்த விஷயம், அந்தத் திரை வேலை செய்யாமல் போனாலும் அடியில் இருப்பது நமக்குத் தெரிந்த டெபியன்தான். ஒரு விஎம்மின் அமைப்பு முழுக்க ஒரே பக்க டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் என்று கண்ணால் படித்துவிடலாம். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் நம்மூரில் கிடைப்பார். இப்போதைய 9-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் டெபியன் 13 மேல் வந்தது. புதிதாகப் போடுகிற நீங்கள் நேராக அதில் போடுங்கள்.

காசைப் பற்றி அண்ணாச்சிக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். மென்பொருள் இலவசம், எல்லா வசதியும் திறந்தே இருக்கும், எதையும் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள். சந்தா கட்டினால் கூடுதலாகச் சோதித்த அப்டேட் வழி கிடைக்கும், சந்தா வகைக்கு ஏற்ப உதவியும். கட்டாவிட்டால் சந்தா இல்லாதோருக்கான அப்டேட் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நிறுவியவுடன் இதை மாற்றாமல் விட்டுவிட்டு, அப்டேட் வரவில்லையே என்று பல பேர் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். முதல் வருடம் இலவசமாக ஓட்டுங்கள். நன்றாக ஓடினால், ரேக் சர்வர் இரண்டுக்கும் கீழ்ப்படிச் சந்தாவாவது கட்டச் சொல்லுங்கள். பிராசசர் சாக்கெட் ஒன்றுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நாம் ஓட்டுகிறதை உழைத்துச் செய்கிறவர்கள் நிலைத்திருந்தால்தான் நமக்கும் நல்லது. இன்னொன்று, ஹைப்பர்வைசர் இலவசம் என்பதால் உள்ளே ஓடும் விண்டோஸ் சர்வர் இலவசம் ஆகாது. ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒரு சர்வரின் எல்லா கோருக்கும் சேர்த்து வாங்கினால் 2 விண்டோஸ் விஎம்முக்குத்தான் உரிமை. இரண்டு சர்வருக்கும் மாறி மாறிப் போகும் என்றால் இரண்டிலும் அந்த உரிமை இருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

அப்புறம் டிஸ்க். ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான் என்பது என் அனுபவம். உங்கள் ரேக் சர்வர்களில் பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கிற ரெய்டு கார்டு இருக்கிறது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வேண்டுமானால் அது டிஸ்க்கை நேரடியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ரெய்டு கார்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்காகக் காட்டினால், கெட்டுப்போன டேட்டாவைக் கண்டுபிடித்துத் திருத்துகிற அதன் முழு பலமும் போய்விடும். கார்டின் அமைப்புக்குள் போய் டிஸ்க்கை அப்படியே காட்டுகிற ஹெச்பிஏ முறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றிக்கொண்டு இசட்எஃப்எஸ் மிரர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி) போடுங்கள். இல்லையென்றால் ரெய்டு கார்டையே நம்பி எல்விஎம்-தின் என்ற லினக்ஸின் டிஸ்க் பங்கீட்டு முறையைப் போடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். எல்விஎம்-தின்னில் ஒரு ஆபத்து உண்டு. இருக்கிற இடத்தைவிட அதிகமாக விஎம்களுக்கு வாக்குக் கொடுக்க அது அனுமதிக்கும், ஆனால் உண்மையான இடம் தீர்ந்த அன்று எழுதிக்கொண்டிருக்கிற விஎம் எல்லாம் ஒன்றாகத் தடுமாறும். 80 சதவீதம் தாண்டினால் மெயில் வருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது கடையில் கிடைக்கிற சாதாரண லேப்டாப் எஸ்எஸ்டியை வாங்க வேண்டாம். கரண்ட் போகிற கணத்தில் கையிலிருக்கிற டேட்டாவை எழுதி முடிக்கிற கெப்பாசிட்டர் உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் இசட்எஃப்எஸ் மேல் டேட்டாபேஸ் ஓடினால் எழுத்து ஓயாது. சாதாரண எஸ்எஸ்டி மந்தமாகவும் இருக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். ரேமைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு (வேகத்துக்கான தற்காலிக நினைவு) பாதி ரேமை எடுத்துக்கொள்ளும் என்பது பழைய கதை. 8.1 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்தே வருகிறது. உங்கள் 64 ஜிபியில் ஆறு சொச்சம்.

கிளைகளையும் சேர்த்து மூன்று ஊருக்கும் ஒரே கிளஸ்டர் (பல சர்வரை ஒன்றாகக் கட்டிய கூட்டம்) போடலாமா என்று கேட்டீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் கூடாது. கிளஸ்டரில் இருக்கிற சர்வர்கள் நொடிக்குப் பலமுறை ஒன்றையொன்று "இருக்கியா, இருக்கேன்" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு 5 மில்லி நொடிக்குள் போய்வர வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. நம் தென்காசி லைன் சாரல் காலத்தில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லைன் அறுந்தால், பாதிக்கு மேல் ஓட்டு (சர்வருக்கு ஒரு ஓட்டு) இல்லாத பக்கம் தன் அமைப்பைப் பூட்டிக்கொள்ளும். அங்கே ஒரு விஎம்மைப் புதிதாக ஸ்டார்ட் செய்யக்கூட முடியாது. ஹெச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் விஎம்மை வேறொன்றில் தானாக எழுப்பும் வசதி) போட்டிருந்தால் அந்த சர்வர் தானாகவே ரீபூட் ஆகும். கேபிள் அறுந்ததற்கு பில்லிங் நிற்கிற நிலையை நாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. கிளஸ்டர் என்பது ஒரே கட்டிடத்துக்குள், ஒரே ஸ்விட்சுக்குள்.

ஆகவே வண்ணார்பேட்டையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ரேக் சர்வர் இரண்டும் ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரு கிளஸ்டர். இரண்டு பேர் மட்டும் என்றால் ஒருவர் படுத்தவுடன் மற்றவருக்குப் பெரும்பான்மை இல்லாமல் போகும். அதனால் மூன்றாவது ஓட்டுக்கு டவர் சர்வரில் க்யூடிவைஸ் என்ற சின்ன சேவையை மட்டும் ஓட்டுங்கள். டவரின் முக்கிய வேலை ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். இசட்எஃப்எஸ் போட்டிருந்தால், ரேக் இரண்டுக்கும் நடுவே அதன் ரெப்ளிகேஷன் வையுங்கள். தானாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருக்கும், பில்லிங்கையும் எஸ்க்யூஎல்லையும் 5 நிமிடமாக்குங்கள். ஒரு சர்வர் எரிந்தால் கடைசி ஐந்து நிமிட பில் போகும். அதை கவுண்டரில் இருக்கிற காகிதப் பிரதியிலிருந்து அடித்துவிடலாம். ஐந்து நிமிடமும் போகக் கூடாது என்றால் செஃப் (பல சர்வரின் டிஸ்க்கை ஒன்றாக்கி ஒரே நேரத்தில் எழுதுகிற சேமிப்பு) வேண்டும். அதற்கு மூன்று முழு சர்வரும் 10 ஜிகாபிட் நெட்வொர்க்கும் வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்கு அந்தச் செலவு நியாயமில்லை என்பது என் கணிப்பு. ஒரே ரேக் மிச்சமிருந்தால் 88 ஜிபி விஎம்மும் 64-ல் ஏறாது. எது முதலில் எழ வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள்: எஸ்க்யூஎல், பில்லிங், டேலி, ஃபைல் சர்வர். சிசிடிவி கடைசி.

மாற்றுகிற வேலை நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரியதில்லை. 8.2 பதிப்பிலிருந்து, 2024 ஏப்ரல் முதல், இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இழுக்கிற வசதி திரையிலேயே வந்துவிட்டது. உங்கள் 6.7-க்கும் அது வேலை செய்யும். முதலில் டவரில் இருக்கிற விஎம்களை ரேக் இரண்டுக்கும் நகர்த்திவிட்டு, டவரைத் துடைத்து ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். தொடுவதற்கு முன்னால் எல்லா விஎம்முக்கும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஆள் வருகைப் பதிவு விஎம்மை முதலில் கொண்டுவாருங்கள், ஒரு நாள் நின்றாலும் கடை நிற்காது. அது ஒரு வாரம் ஓடின பிறகு மற்றவை. ஒரு ரேக் காலியானதும் அதைத் துடைத்துப் போடுங்கள், பிறகு அடுத்தது. கடைசியில் டவரை பேக்கப் சர்வராக மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் விஎம்மில் ஒழுங்கு முக்கியம். மாற்றுவதற்கு முன்பே, விஎம்வேரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விஎம்வேர் டூல்ஸை நீக்கிவிடுங்கள். இந்தப் பக்கம் வந்த பிறகு அது லேசில் போகாது. நிலையான ஐபி முகவரிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு நெட்வொர்க் கார்டு புதிதாகத் தெரியும். பழைய ஐபியைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கார்டுக்கு அது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி அதை நீக்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை (விஎம்மின் ஒரு கண நிலையைச் சேமித்தவை) எல்லாம் முன்கூட்டியே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கிற வேகம் ஆமையாகிவிடும்.

டிஸ்க்தான் இதில் நுணுக்கமான இடம். வேகம் வேண்டுமானால் டிஸ்க் விர்ட்ஐஓ வகையில் (விஎம்முக்கென்றே செய்த வேகமான இணைப்பு) இருக்க வேண்டும், ஆனால் அதற்கான டிரைவர் விண்டோஸில் இயல்பாக இல்லை. நேராக விர்ட்ஐஓவில் பூட் செய்தால் நீலத்திரை வந்து நிற்கும். அதனால் முதலில் சாட்டாவில் (சாதாரண டிஸ்க் இணைப்பு) பூட் செய்யுங்கள். விஎம்மை ஓடவிட்டு, 1 ஜிபிக்கு ஒரு வெற்று விர்ட்ஐஓ டிஸ்க்கைச் சேர்த்து, விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வெற்று டிஸ்க் தெரிந்தால் டிரைவர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். இனி விஎம்மை நிறுத்தி, முக்கிய டிஸ்க்கைக் கழற்றி விர்ட்ஐஓவாக மாட்டி, பூட் வரிசையையும் சரிசெய்யுங்கள். நான் இதைச் செய்கிற ஒவ்வொரு முறையும் அந்த விண்டோஸ் வட்டம் சுற்றி முடிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். லாகின் திரை வந்தால் வேலை முடிந்தது, வெற்று டிஸ்க்கைத் தூக்கிவிடலாம். கெஸ்ட் ஏஜென்ட்டையும் அப்போதே போட்டுவிடுங்கள். பேக்கப் எடுக்கும் கணத்தில் விண்டோஸுக்குச் சொல்லி டேட்டாபேஸை ஒழுங்கான நிலையில் நிறுத்திவைப்பது அதுதான். ஏதாவது மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் சாவியாக மாட்டுகிற குச்சி) இருந்தால், அந்த விஎம் டாங்கிள் மாட்டிய சர்வரிலேயே கட்டுண்டு கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேக்கப்புக்கு வருகிறேன், நான் ப்ராக்ஸ்மாக்ஸைச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அதன் பேக்கப் சர்வர்தான். 2020 நவம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது, அதுவும் ஓப்பன் சோர்ஸ். ஓடுகிற விஎம்மில் முந்தைய முறைக்குப் பிறகு மாறின துண்டுகளை மட்டும்தான் அனுப்பும், ஒரே மாதிரித் துண்டுகளை ஒருமுறைதான் சேமிக்கும். ஒன்பது விஎம்முக்கும் தினசரி பிரதி ஒரு மாதத்துக்கு வைத்தாலும் டிஸ்க் நிரம்பாது. சிசிடிவி ரெக்கார்டிங் டிஸ்க்கை மட்டும் பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். ரெப்ளிகேஷனையும் ஸ்னாப்ஷாட்டையும் பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால் ஐந்தாவது நிமிடத்தில் ரெப்ளிகேஷன் அதையும் பக்கத்து சர்வருக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்த்துவிடும்.

குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவி உற்சவர் திரும்ப வருவார், பூஜை தொடரும். வண்ணார்பேட்டையும் அதே ஆற்றங்கரைதான். உங்களுக்கும் ஒரு மேலக்கோயில் வேண்டும். தென்காசிக் கடையின் மாடியில் ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க், அதில் இன்னொரு பேக்கப் சர்வர். முதல் பிரதி பெரியது, லைனில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஓடும். அதனால் அந்தப் பெட்டியை வண்ணார்பேட்டையிலேயே இரண்டு நாள் வைத்து முழுப் பிரதியும் ஏற்றி, பிறகு காரிலோ பஸ்ஸிலோ கொண்டுபோங்கள், ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தானே. அதன் பிறகு தினமும் இரவில் மாறின துண்டுகள் மட்டும் போகும். தென்காசிப் பெட்டி வண்ணார்பேட்டையிலிருந்து இழுக்கிற மாதிரி அமையுங்கள். இங்கே ஒருவன் புகுந்தாலும் அங்கே போய் அழிக்கச் சாவி இருக்கக் கூடாது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்வதாக இருந்தால் அந்தச் சாவியைத் தாளில் அச்சடித்து அண்ணாச்சி வீட்டு பீரோவில் வையுங்கள். சர்வருக்குள் மட்டும் சாவி இருந்து சர்வர் முங்கினால், பேக்கப் இருந்தும் திறக்க முடியாது.

யூபிஎஸ்ஸுக்கு நட் என்ற மென்பொருளைப் போட்டு, பேட்டரி குறைந்ததும் விஎம்கள் ஒழுங்காக நிற்கிற மாதிரி அமைத்துவிடுங்கள். சர்வரைத் தரையிலிருந்து எடுத்து முதல் மாடிக்குக் கொண்டுபோக அண்ணாச்சியிடம் இடம் கேளுங்கள்.

நேரம்: ஆடித் தள்ளுபடி தொடங்கி தீபாவளி முடிகிற வரை எதையும் தொட வேண்டாம். பாளையில் கிறிஸ்துமஸ் வியாபாரமும் உண்டு, அதன் பின்னாலேயே பொங்கல். பொங்கல் முடிந்து, மார்ச் கணக்கு முடிக்கிற நெருக்கடி வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த நாலு வாரம்தான் உங்களுக்கு.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போங்கள். கடையில் இருக்கிற ஏதாவது ஒரு டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவி, மாடியில் இருக்கிற பிரதியிலிருந்து பில்லிங் விஎம்மையும் எஸ்க்யூஎல்லையும் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில்லைத் திறந்து பாருங்கள். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், நடுவில் எங்கே தடுக்கியது, என்ன பாஸ்வேர்டு தேடினீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, அந்த நோட்டையும் சாவித்தாள் இருக்கிற அதே பீரோவில் வையுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.